ஓவியர்களை வாழ்வித்த வணிகர்

ஓவியன் ஒருவன் படம் தீட்டுகிறான். அதனை மாட்டி வைக்கச் சுவர் வேண்டும். வந்து காணக் கண்கள் வேண்டும். வாங்கிச் செல்லக் கைகள் வேண்டும். இம்மூன்றும் அமையாவிடில், அவன் திறமை எவ்வளவு பெரிதாயினும் அவன் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடும். முற்காலத்தில் இம்மூன்றையும் அளித்தோர் மன்னரும், சமயத் தலைவரும், செல்வக் குடியினரும் ஆவர். அவர்களைப் புரவலர் என்று போற்றினோம். முடியாட்சி தளர்ந்து வாணிகம் ஓங்கிய 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அப்புரவலருடைய இருக்கை வெறுமையாகக் கிடந்தது. அதில் வந்து அமர்ந்தவர் யார்? கடைக்காரர்.

இதனைக் கேட்டவுடன் சிலர் முகஞ்சுளிக்கலாம். கலையை விலை பேசுகிறவர் கலையைக் காப்பது எங்ஙனம் என்ற ஐயம் எழுவது இயல்பே. அவ்வையத்துக்கு விடை காண விரும்புவோர், பாரிசு மாநகரில் 1839 முதல் 1974 வரை 135 ஆண்டுகள் நடைபெற்ற தனியார் ஓவியக்கூடம் ஒன்றின் வரலாற்றை அறிதல் நன்று. துராண்ட்-ருவெல் கூடம் என்பது அதன் பெயர். அதனை அரை நூற்றாண்டுக்கு மேல் நடத்திய பால் துராண்ட்-ருவெல் என்பவர், உலகம் எள்ளி நகையாடிய இளைஞர் சிலரை நம்பித் தம் செல்வம் முழுவதையும் பணயம் வைத்தார். இருமுறை வீழ்ச்சியின் விளிம்புக்குச் சென்று மீண்டார்.

எழுதுபொருட் கடை

பாலின் தந்தையார் துராண்ட் குடும்பத்தினர். தாயார் ருவெல் குடும்பத்தினர். இரு பெயர்களும் இணைந்தே துராண்ட்-ருவெல் ஆயின. அவர்கள் பாரிசு நகரில் எழுதுபொருட் கடை ஒன்றை நடத்தி வந்தனர். தாள், தூரிகை, வண்ணம், கித்தான் ஆகியவை அங்கே விற்கப்பட்டன. அவற்றை வாங்க ஓவியர்கள் வந்தார்கள். நாளடைவில் அவ்வோவியர்களின் படங்களும் கடையில் இடம் பெற்றன. எழுதுபொருட் கடை மெல்ல மெல்ல ஓவியக் கடையாக மாறியது.

1831-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் பிறந்த பாலுக்கு இத்தொழிலில் முதலில் நாட்டம் இல்லை. கத்தோலிக்க சமயத்தில் ஆழ்ந்த பற்றுடைய அவர், படைவீரராகவோ சமயத் தொண்டராகவோ ஆக விரும்பினார். புகழ்பெற்ற சேன்-சீர் படைப் பள்ளியில் இடமும் கிடைத்தது. ஆனால் உடல்நிலை ஒத்துழைக்கவில்லை. கடைக்கே திரும்பினார்.

1855-இல் பாரிசில் நடந்த உலகப் பொருட்காட்சியில் தெலக்ருவா என்னும் ஓவியரின் படங்களைக் கண்டார். அன்று அவர் உள்ளம் ஓவியத்தின்பால் திரும்பியது என்பர். 1865-இல் தந்தையார் மறைந்ததும் கூடத்தின் முழுப் பொறுப்பும் அவருடைய தோள்மீது ஏறியது.

அரசு வைத்த தேர்வு

அக்காலப் பிரெஞ்சு நாட்டில் ஓவியனின் தலையெழுத்தை எழுதியது சலோன் எனப்பட்ட பெருங்கண்காட்சி. அரசின் ஆதரவில் அது நடைபெற்றது. அதில் எந்தப் படம் தொங்கலாம், எது தொங்கலாகாது என்பதைத் தேர்வுக் குழு ஒன்று முடிவு செய்யும். சலோனில் இடம் பெற்றவனுக்கு வாடிக்கையாளர் உண்டு, பரிசு உண்டு, அரசின் பணியும் உண்டு. இடம் பெறாதவனுக்கு ஏதும் இல்லை.

தேர்வுக் குழுவினர் தாம் பயின்ற இலக்கணத்தையே அளவுகோலாகக் கொண்டனர். புராணக் காட்சி, வரலாற்றுக் காட்சி, மெருகிட்ட வழவழப்பான வண்ணப்பூச்சு ஆகியவற்றையே அவர்கள் விரும்பினார்கள். 1863-இல் தள்ளுபடியான படங்கள் அளவிறந்து போயின, கூக்குரலும் எழுந்தது. பேரரசர் மூன்றாம் நெப்போலியன், தள்ளப்பட்டவற்றுக்குத் தனிக் கண்காட்சி வைக்குமாறு ஆணையிட்டார். மானே என்பவரின் ‘புல்வெளியில் பகலுணவு’ அங்கேதான் காட்டப்பட்டது. மக்கள் திரள் திரளாகச் சென்றனர். கண்டு மகிழச் சென்றோரைவிடச் சிரிக்கச் சென்றோரே மிகுதி.

பரந்த நாட்டில் ஒரே வாயில். அதற்கு ஒரே காவலர் கூட்டம். இத்தகைய நிலையில் இரண்டாவது வாயில் ஒன்றைத் திறப்பவர் யாராயினும், அவர் கலை வரலாற்றையே திசை திருப்பக் கூடியவராவார். துராண்ட்-ருவெல் அவ்வாயிலைத் திறந்தார்.

முதற் பாடம்

அவருடைய முதல் முயற்சி, பார்பிசோன் என்னும் சிற்றூரையும் அதனை அடுத்த காட்டையும் தீட்டிய ஓவியர்களைப் பற்றியது. அவர்களுள் தியோதர் ரூசோ என்பவரைச் சலோன் தேர்வுக் குழு 1836 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து விலக்கி வந்தது. துராண்ட்-ருவெல் 1866-இல் மற்றொரு வணிகருடன் கூட்டுச் சேர்ந்து, ரூசோவிடம் இருந்த படங்களைப் பெருந்தொகுதியாக வாங்கினார்.

ஒரு படத்தை வாங்கி அன்றே விற்று இலாபம் காண்பது பழைய முறை. ஓவியரின் படைப்புகளை மொத்தமாக வாங்கி, அவற்றின் விலை சரியாதவாறு காத்து, ஆண்டுக் கணக்கில் பொறுத்திருப்பது இவர் கண்ட புதுமுறை. தாம் ஆதரிக்கும் ஓவியரின் படம் ஏலத்துக்கு வந்து விலை தாழ்ந்தால், தாமே ஏலம் கேட்டு விலையை உயர்த்துவார். பார்பிசோன் ஓவியர்கள் பின்னர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விரும்பப்பட்டனர். அவர்களால் வந்த வருவாயும் நற்பெயருமே அடுத்த தலைமுறையைத் தாங்க இவருக்குத் துணைநின்றன. பழைய மரத்தின் கனியை விற்றுப் புதிய கன்றுக்கு நீர் ஊற்றினார் எனலாம்.

இலண்டன் சந்திப்பு

1870-இல் பிரெஞ்சு நாட்டுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்டது. துராண்ட்-ருவெல் தம் படங்களை இலண்டனுக்கு அனுப்பி, நியூ பாண்டு தெருவில் கூடம் அமைத்தார். அதே நகருக்குக் குளோது மோனே என்னும் 30 வயது இளைஞரும் அடைக்கலம் தேடி வந்திருந்தார். மானே, மோனே என்னும் பெயர்கள் ஒலியால் நெருங்கியவை, ஆட்கள் வேறு. மானே மூத்தவர், மோனே இளையவர்.

பார்பிசோன் குழுவைச் சேர்ந்த தோபிஞி என்பவர் 1871-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மோனேயை வணிகருக்கு அறிமுகம் செய்து வைத்தார். அடுத்து வந்தவர் காமில் பிசாரோ. பாரிசுக்கு அருகிலிருந்த அவருடைய வீட்டைப் பிரசியப் படையினர் கைப்பற்றிக் கொண்டமையால், பல ஆண்டுகளாக அவர் தீட்டி வைத்திருந்த படங்களில் பெரும்பகுதி அழிந்தது. வீடும் படமும் இழந்து அயல்நாட்டில் நின்ற அவ்விருவருக்கும், மோனேயின் படத்துக்கு 300 பிராங்கும் பிசாரோவின் படத்துக்கு 200 பிராங்கும் கொடுத்தார் வணிகர். பெருந்தொகை அன்று, ஆயினும் வேறு எவரும் வாங்க முன்வராத காலத்துத் தொகை அது.

அதே 1871-ஆம் ஆண்டின் இறுதியில் துராண்ட்-ருவெலின் மனைவியார் காலமானார். ஐந்து குழந்தைகளின் தந்தையான அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. வீட்டுத் துயரம் ஒருபுறம் இருக்க, கூடத்தில் அவருடைய துணிவு மேலும் வளர்ந்தது. 1872 சனவரியில் நண்பர் ஒருவரின் ஓவிய அறையில் மானேயின் படங்கள் இரண்டைக் கண்டு வாங்கினார். மறுபடி மறுபடி பார்த்தபோது அவற்றின் அருமை விளங்கிற்று. உடனே மானேயின் இல்லம் சென்று, அங்கிருந்தவற்றை அப்படியே வாங்கினார். இவ்வகையில் வாங்கிய படங்கள் 23. கொடுத்த தொகை 35,000 பிராங்கு. சலோனும் செய்தித்தாள்களும் எள்ளிய ஓவியரின் படங்களை ஒருவர் இவ்வாறு வாரி வாங்கியது பாரிசையே வியக்க வைத்தது.

நகைப்பின் நடுவே

மோனே, பிசாரோ, ரெனுவார், சிஸ்லி, தெகா, பெர்த் மொரிசோ முதலியோர் திறந்த வெளியின் ஒளியையும் நகர வாழ்வின் அன்றாடக் காட்சிகளையும் தீட்டினர். 1874 ஏப்ரலில் சலோனை நம்பாமல் தாமே ஒரு கண்காட்சி நடத்தினர். 30 ஓவியர் கலந்துகொண்ட அக்கண்காட்சியில், மோனே தீட்டிய ‘சூரிய உதயம்: மனப்பதிவு’ என்னும் படம் இருந்தது. அப்பெயரைப் பிடித்துக்கொண்டு லூயி லெருவா என்ற எழுத்தாளர், “மனப்பதிவுக்காரர்கள்” என்று பொருள்படும் இம்ப்ரெஷனிஸ்டு என்னும் சொல்லால் அவர்களைக் கேலி செய்தார். ஏளனமாக இட்ட பெயரே பின்னாளில் அவர்களுக்குப் பெருமையாயிற்று.

அப்பெருமை வருவதற்குள் பட்ட பாடு கொஞ்சமன்று. 1875 மார்ச்சில் துராண்ட்-ருவெலை மதிப்பீட்டாளராகக் கொண்டு இவர்களின் படங்கள் ஏலமிடப்பட்டன. கூட்டத்தினர் கூச்சலிட்டுக் குழப்பம் விளைவித்தமையால் காவலரை அழைக்க நேர்ந்தது. 1876-இல் இரண்டாவது கண்காட்சி துராண்ட்-ருவெல் கூடத்திலேயே, லெ பெலத்தியே தெருவில் நடைபெற்றது. அத்தெருவிலிருந்த ஓபரா அரங்கம் 1873-இல் தீக்கிரையாகியிருந்தது. அதனைச் சுட்டி, ‘பிகாரோ’ இதழின் ஆல்பர்ட் வுல்ப் என்ற திறனாய்வாளர், அத்தெருவுக்கு நேர்ந்த இரண்டாவது பேரிடர் இக்கண்காட்சி என்னும் கருத்துப்பட எழுதினார். ஓவியர்களைப் பித்தர் என்றார்.

அவர்களுக்கு இடம் கொடுத்த வணிகரையும் ஊர் அவ்வாறே கருதியது. பார்பிசோன் படங்களை வாங்கிக்கொண்டிருந்த செல்வர் சிலர், இவருடைய தெளிவு மங்கிவிட்டது என்று ஒதுங்கினர். நம்பிக்கையே முதலாக நடக்கும் தொழிலில் நம்பிக்கை போயிற்று என்றால் மிச்சம் என்ன இருக்கிறது?

கடனும் கண்ணீரும்

1873-74-இல் ஐரோப்பாவைப் பொருளாதார மந்தம் சூழ்ந்தது. இலண்டன் கிளை 1875-இல் மூடப்பட்டது. ஓவியர்களிடம் படம் வாங்குவதை நிறுத்த வேண்டியதாயிற்று. அவர்கள் பட்ட துன்பம் சொல்லுந்தரமன்று. மோனே தம் கடிதங்களில் வீட்டு வாடகைக்கும் வண்ணக் கடைக்காரருக்கும் பணமின்றித் தவிக்கும் நிலையைத் திரும்பத் திரும்ப எழுதினார்.

1880-இல் யூனியன் ஜெனரால் என்னும் வங்கியின் தலைவர் ஒருவர் துராண்ட்-ருவெலுக்கு முதல் தந்தார். மீண்டும் படங்களை வாங்கத் தொடங்கினார். ஓவியர்களுக்கு மாதந்தோறும் முன்பணம் போயிற்று. இன்று வாஷிங்டனில் உள்ள ரெனுவாரின் ‘படகோட்டிகளின் விருந்து’ என்னும் பெரும்படத்தை அவர் 1881-இல் வாங்கினார். ஆனால் அடுத்த ஆண்டு சனவரியிலேயே அவ்வங்கி முறிந்தது. கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டனர். 1884 அளவில் துராண்ட்-ருவெலின் கடன் பத்து இலட்சம் பிராங்குக்கு மேல்.

இந்நிலையில் மற்றொருவர் என்ன செய்திருப்பார்? வாங்கிய படங்களைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுக் கணக்கை முடித்திருப்பார். அவ்வாறு செய்தால் மறுநாளே மோனே, பிசாரோ, ரெனுவார் ஆகியோரின் படங்கள் குப்பை விலைக்குப் போகும். அவர்களுடைய பெயரும் அத்துடன் முடியும். கடன்காரனின் கையிருப்பில் ஓவியர்களின் எதிர்காலம் அடகு வைக்கப்பட்டிருந்தது. துராண்ட்-ருவெல் விற்கவில்லை. பிடித்த பிடியை விடாமல், கடனுக்குத் தவணை கேட்டு, ஓவியர்களுக்கு இயன்றதை அனுப்பி, காலத்தைக் கடத்தினார். அவருடைய பெருமை அவர் வாங்கியதில் மட்டும் இல்லை. விற்காமல் பொறுத்ததில் இருக்கிறது.

கூடம் நடத்திய முறை

துராண்ட்-ருவெல் கையாண்ட முறைகள் இன்றைய ஓவியக்கூடங்களுக்கெல்லாம் அடிப்படையாக நிற்கின்றன. அவற்றைச் சிறிது விரிவாகக் காண்போம்.

முதலாவது, தனியொருவர் கண்காட்சி. நூற்றுக்கணக்கான படங்களைக் கூரை வரை நெருக்கி மாட்டுவதே அக்கால வழக்கம். நல்ல படமும் அந்நெருக்கத்தில் மூச்சுத் திணறும். 1883-இல் துராண்ட்-ருவெல் பூதென், மோனே, ரெனுவார், பிசாரோ, சிஸ்லி ஆகிய ஐவருக்கும் ஒருவர்பின் ஒருவராகத் தனித்தனிக் கண்காட்சி வைத்தார். ஓர் ஓவியரின் வளர்ச்சியையும் போக்கையும் பார்வையாளர் முழுமையாக அறிய இதனால் வழி பிறந்தது. அவ்வாண்டு விற்பனை மிகக் குறைவு. ஆனால் விதை ஊன்றப்பட்டது.

இரண்டாவது, மாதப் படி. படம் விற்ற பின்னரே பணம் என்றால், ஓவியன் விற்கக்கூடிய படத்தையே தீட்டுவான். முன்பணம் கையில் இருந்தால், தான் தீட்ட விரும்பும் படத்தைத் தீட்டுவான். இவ்வுண்மையை உணர்ந்த வணிகர், வாடகை, மருத்துவர் கட்டணம், வண்ணக் கடைப் பாக்கி ஆகியவற்றுக்குக்கூடப் பணம் அனுப்பினார். அத்தொகைகள் பேரேட்டில் ஓவியரின் கணக்கில் எழுதப்பட்டு, பின்னர் படங்களால் ஈடுசெய்யப்பட்டன. தானம் என்று சொல்லி எவரையும் அவர் தாழ்த்தவில்லை. கணக்கு என்று சொல்லி நிமிர்ந்து நிற்க வைத்தார்.

மூன்றாவது, கட்டணமில்லா நுழைவு. கூடத்துக்குள் எவரும் வந்து பார்க்கலாம். பின்னாளில் உரோம் தெருவிலிருந்த தம் இல்லத்தையே வாரம் ஒருநாள் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். அவ்வீட்டின் வரவேற்பறைக் கதவுகளுக்கு மலர்களும் கனிகளும் தீட்டித் தந்தவர் மோனே. புதிய ஓவியத்தைக் குடும்பம் வாழும் வீட்டில், நாற்காலிக்கும் மேசைக்கும் நடுவே கண்டவர்களுக்கு, அது பித்தர் செயல் அன்று என்பது தானே விளங்கிற்று.

நான்காவது, எழுத்து. 1869-இலும் 1890-இலும் கலை இதழ்கள் நடத்தினார். கண்காட்சிப் பட்டியல்களுக்குத் தக்கவரைக் கொண்டு முன்னுரை எழுதுவித்தார். தம் கையில் வந்த படங்களை இருப்பேட்டில் பதிந்தார். நிழற்படமும் எடுத்து வைத்தார். குடும்பத்தார் காத்துவரும் அவ்வேடுகள், ஒரு படம் எப்போது தீட்டப்பட்டது, யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்பதை அறிய இன்றும் ஆய்வாளருக்கு உதவுகின்றன.

கடல் கடந்த வெற்றி

உள்ளூரில் விளக்கு எரியாதபோது வெளியூர் சென்றார். 1886-இல் நியூயார்க் நகரின் அமெரிக்கக் கலைச் சங்கம் அவரை அழைத்தது. ஏறத்தாழ 300 படங்களுடன் கப்பலேறினார். மோனேக்கு இதில் மனமில்லை. தம் படங்கள் நாட்டைவிட்டுப் போவதை அவர் விரும்பவில்லை. வேறு வழியும் இருக்கவில்லை.

ஏப்ரலில் கண்காட்சி திறக்கப்பட்டது. அமெரிக்க மக்கள் புதியதைக் கண்டு திகைத்தனர். ஆனால் பாரிசு மக்களைப் போல் எள்ளவில்லை. பார்பிசோன் படங்களை இவரிடம் முன்னரே வாங்கிப் பயனடைந்தவர்கள் அங்கே பலர். இவர் கொண்டுவந்ததில் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று அவர்கள் கருதினர். இருபது ஆண்டுகளுக்கு முன் ரூசோவுக்காகச் சம்பாதித்த நற்பெயர் மோனேக்குப் பயன்பட்டது. காட்சி மக்கள் ஆதரவால் வேறோர் இடத்துக்கு மாற்றப்பட்டு நீட்டிக்கப்பட்டது. உள்ளூர் வணிகர்கள் சுங்க வரியைக் காட்டித் தடுக்க முயன்றும் அவர் தளரவில்லை. சில ஆண்டுகளுக்குள் நியூயார்க்கில் நிலையான கிளை ஒன்று எழுந்தது. அதனை அவருடைய மைந்தர்கள் நடத்தினர்.

அங்கே வாங்குவோரைச் சேர்த்ததில் மேரி கசாட் என்னும் அமெரிக்க ஓவியப் பெண்மணிக்குப் பெரும்பங்கு உண்டு. அவர் பாரிசில் இவர்களுடன் சேர்ந்து தீட்டியவர். அவருடைய தோழி லூயிசின் ஹேவ்மையர் குடும்பத்தினர் வாங்கிச் சேர்த்த படங்கள், 1929-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு உரியனவாயின. சிகாகோவின் பாமர் குடும்பத்தாரின் படங்களும் அவ்வாறே அந்நகரின் கலைக்கூடத்தைச் சென்றடைந்தன.

அமெரிக்கா வாங்கத் தொடங்கியதும் பாரிசும் விழித்தது. 1891 மே மாதம் மோனேயின் வைக்கோற்போர் வரிசைப் படங்கள் 15 துராண்ட்-ருவெல் கூடத்தில் வைக்கப்பட்டன. சில நாள்களில் அனைத்தும் விலைபோயின. ஒருகாலத்தில் 300 பிராங்குக்காக இலண்டனில் காத்து நின்ற மோனே, இப்போது தம் விலையைத் தாமே சொன்னார்.

குறையும் நிறையும்

இவ்வணிகரைக் குற்றமற்றவராகக் காட்டுவது வரலாற்றுக்கு அழகன்று. ஓர் ஓவியர் தீட்டுவன யாவும் தம் கைவழியே போக வேண்டும் என்று அவர் விரும்பினார். காக்கும் கை ஒன்றே என்றால் கட்டும் கையும் அதுவே ஆகும். அக்கை தளர்ந்தபோது ஓவியர் அனைவரும் ஒருசேரத் தள்ளாடினர். மோனே இதனை உணர்ந்து, 1880-களின் நடுவில் போட்டி வணிகராகிய சார்ச் பெத்தியின் கூடத்திலும் படம் வைத்தார். பலர் விற்றால்தான் வாங்குவோருக்கு நம்பிக்கை பிறக்கும் என்பது அவர் வாதம். துராண்ட்-ருவெலுக்கு அது வருத்தம் தந்தது. ஆனால் பின்னர் நடந்தவற்றை நோக்கின் மோனே சொன்னதிலும் உண்மை இருந்தது.

மேலும், எல்லாப் புதியவரையும் அவர் கண்டுகொள்ளவில்லை. 1893-இல் கொகேனுக்குக் கண்காட்சி வைத்தார்; எனினும் கொகேன், செசான், வான் கோ ஆகியோரைத் தம் ஓவியர்களாக அவர் தழுவவில்லை. 1895-இல் செசானுக்கு முதல் தனிக் கண்காட்சி வைத்தவர் அம்புருவாசு வொலார் என்னும் இளைய வணிகர். அவர் கடையும் துராண்ட்-ருவெல் கூடம் இருந்த அதே லபீத் தெருவில் இருந்தது. ஒரு தலைமுறையின் கண் மற்றொரு தலைமுறைக்குப் போதுவதில்லை. ஆகவே புதிய கூடங்கள் என்றும் வேண்டியிருக்கின்றன.

சிஸ்லியின் கதை மனத்தை வருத்துவது. அவர் 1899 சனவரியில் வறுமையிலேயே மறைந்தார். அடுத்த ஆண்டு அவருடைய வெள்ளக் காட்சிப் படம் ஒன்று ஏலத்தில் 43,000 பிராங்குக்குப் போயிற்று. வணிகர் எவ்வளவு பொறுத்தாலும் சிலருக்குக் காலம் பொறுப்பதில்லை.

நிறைகளுள் ஒன்றைச் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். துராண்ட்-ருவெல் முடியாட்சியை ஆதரித்தவர், கட்டுப்பாடான கத்தோலிக்கர். பிசாரோவோ யூதர், அரசே கூடாது என்னும் கொள்கையுடையவர். ஓவியர் கூர்பே 1871 பாரிசுப் புரட்சியில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். அவருடைய படங்களையும் இவ்வணிகர் வாங்கிக் காட்டினார். திரைபசு வழக்கு நாட்டை இரண்டாகப் பிளந்த நாள்களில் இவர் ஒருபுறம், மோனேயும் பிசாரோவும் மறுபுறம். அரசியலில் எதிரெதிராக நின்றவர்கள் கூடத்தில் பிரியவில்லை. படத்தைப் பார்க்கும்போது தீட்டியவனின் கட்சியைக் கேளாமை அரிய பண்பு.

அந்திக் காலம்

1905-இல் இலண்டன் கிராப்டன் கூடத்தில் 315 படங்களைக் கொண்ட மாபெரும் கண்காட்சியை நடத்தினார். அன்று அவருக்கு வயது 73. ஆங்கிலேயர் வாங்கியது சிலவே. ஆயினும் மனப்பதிவு ஓவியத்தை அத்துணைப் பெருந்தொகுதியாக ஒரே கூரையின்கீழ் உலகம் முன்னர்க் கண்டதில்லை.

1891 முதல் 1922 வரை அவருடைய கூடம் வாங்கிய படங்கள் ஏறத்தாழ 12,000. மோனேயினுடையவை 1,000க்கு மேல். ரெனுவாரினுடையவை ஏறத்தாழ 1,500. பிசாரோவினுடையவை ஏறத்தாழ 800. 1910-இல் ரெனுவார் அவருடைய உருவத்தைத் தீட்டினார். நாற்காலியில் சாய்ந்து அமைதியாக நோக்கும் அம்முதியவரின் முகத்தில் பழைய கடன்களின் சுவடு இல்லை. 1920-இல் அரசு அவருக்கு ‘லெஜியன் ஆப் ஆனர்’ விருது வழங்கியது. ஓவியத்துக்காக அன்று, வெளிநாட்டு வாணிகத்துக்காகவே அவ்விருது என்பர். 1922 பிப்ரவரி 5-ஆம் நாள், 90 வயதில் அவர் காலமானார்.

முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்பில், தம் பித்தமே அறிவாக முடிந்தது என்றும், 60 வயதில் இறந்திருந்தால் மதிப்பறியப்படாத செல்வங்களின் நடுவே கடன்காரனாகவே மாண்டிருக்கக்கூடும் என்றும் கருத்துப்பட அவர் கூறினார். இதில் அடக்கமும் உண்டு, அச்சமும் உண்டு. மறு ஆண்டு அவருடைய மைந்தர்கள் ‘படகோட்டிகளின் விருந்தை’ அமெரிக்கராகிய டங்கன் பிலிப்சுக்கு விற்றனர். விலை 1,25,000 டாலர்.

நியூயார்க் கிளை 1950-இலும் பாரிசுக் கூடம் 1974-இலும் மூடப்பட்டன. 2014-15-இல் பாரிசு, இலண்டன், பிலடெல்பியா ஆகிய மூன்று நகரங்களில் இவ்வணிகரின் பணியையே பொருளாகக் கொண்ட கண்காட்சி நடந்தது. ஓவியர்களுக்கு வைப்பதுதான் கண்காட்சி. ஓவியர்க்குத் துணைநின்றவருக்கு அது வாய்ப்பது அரிதினும் அரிது.

கலையை விலை பேசுகிறவர் கலையைக் காப்பாரா என்பது தொடக்கத்தில் எழுந்த வினா. விலை பேசுவதோடு நின்றவர் காக்கமாட்டார். வாங்குவோர் இல்லாத நாளில் வாங்கி, விற்கத் தூண்டும் நாளில் பொறுத்து, பார்க்க வருவோருக்குக் கதவைத் திறந்து வைத்தவர் காத்தார். அவருக்கும் இலாபம் வந்தது; அதனால் அவருடைய பணி சிறுமையடையவில்லை. இளம் ஓவியன் ஒருவனுக்குப் புகழ் வந்தபின் பாராட்டுவோர் எந்நாட்டிலும் உண்டு. புகழ் வருமுன் அவன் வாடகையைப் பற்றிக் கவலைப்படும் ஒருவர் எங்கே இருக்கிறாரோ, அங்கே கலை வாழும்.